கிலுகிலுப்பைக்கு முத்திரை உண்டு, செல்போன் விளையாட்டுக்கு?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், அதன்பிறகும் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். என் மகளுக்கு இரண்டரை வயது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், இட்லி ஊட்டும் கால் மணி நேரம் மட்டும் போனைக் கொடுத்தேன். அதுவும் ‘3+’ என்றும் ‘கல்வி’ என்றும் போட்டிருந்த விளையாட்டைத் தேடி எடுத்து. பலூன் உடைத்தால் நிறத்தின் பெயர் சொல்லும்.

மூன்று பலூனுக்கு ஒரு விளம்பரம், திரை முழுக்க. அதை மூடும் பெருக்கல் குறி மேல்மூலையில் பாசிப்பயறு அளவுதான், அதுவும் சில நொடி கழித்தே வரும். அவள் விரல் படத்தின் மேல் படும், உடனே வேறொரு செயலியை இறக்கச் சொல்லும் பக்கம் திறக்கும். போன வாரம் கத்தியோடு ஒருவன் துரத்தும் விளம்பரம் வந்தது. வாயில் இட்லியோடு வீறிட்டு அழுதாள்.

அன்று இரவு மடியில் வைத்துப் படப் புத்தகத்தில் காக்காவைக் காட்டினேன். அவள் அந்தத் தாளின் மேல்மூலையை விரலால் அழுத்தி, “கிப்பு, கிப்பு” என்றாள். ‘ஸ்கிப்’ என்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. ‘தாத்தா’ என்று சொல்ல அவளுக்கு இன்னும் வரவில்லை.

செயலியை அன்றே நீக்கிவிட்டேன். ஆனால் அந்த ‘3+’? விளையாட்டை வெளியிடுபவரே வன்முறை உண்டா, கெட்ட வார்த்தை உண்டா என்ற கேள்வித்தாளை நிரப்புகிறார். அந்தப் பதில்களிலிருந்து வருவதுதான் வயதுக் குறி. அதைப் பார்த்து, குழந்தைக்கு நல்லது என்று நாங்கள் நம்புகிறோம். ஐந்து வயதுக்குட்பட்டோர் விளையாடும் 135 செயலிகளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, 95 விழுக்காட்டில் ஏதாவது ஒரு வகை விளம்பரம் இருந்தது. 2018-லேயே வெளிவந்த செய்தி இது.

பிளாஸ்டிக் கிலுகிலுப்பைக்குக்கூட 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முனை குத்துமா, சாயத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அதே கை பிடிக்கும் விளையாட்டுக்கு ஏன் சோதனை இல்லை? நுகர்வோரை ஏமாற்றும் திரை உத்திகள் என்று 2023-ல் நீங்களே 13 வகைகளைப் பட்டியலிட்டீர்கள், விளம்பரம் என்றே தெரியாதபடி வரும் மறைமுக விளம்பரமும் அதில் ஒன்று. எழுத்தறியாத குழந்தைக்கு எல்லா விளம்பரமும் மறைமுக விளம்பரம்தான்.

பெற்றோர்தான் கவனிக்க வேண்டும் என்று எங்கு போனாலும் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இல்லை, அலுவலகத்தில் குழந்தைகள் காப்பகம் இல்லை, தெருவில் விட்டால் வண்டிகள். எல்லாவற்றையும் அம்மாவே கவனிக்க வேண்டுமென்றால், அவளை ஏமாற்றும் முத்திரையையாவது எடுத்துவிடக் கூடாதா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டைக் குழந்தை மருத்துவரும் மழலையர் ஆசிரியரும் விளையாடிப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ‘கல்வி’ என்று போட விடுங்கள். அந்த விளையாட்டுக்குள் ஒரு விளம்பரமும் வரக் கூடாது. சோதிக்காமல் முத்திரை வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த விளம்பரத்தின் திரைப்பதிவு என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், திண்டுக்கல்