அந்தக் கான்வாஸ் பிடியைக் கழற்றாதீர்கள்: பிரிட்டனில் பழைய ராணுவ பைக் ஓட்டும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ் என்று பழைய ராணுவ பைக் ஒன்றைத் தேடிப்பிடித்து, சீர்செய்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்து உடுப்போடும் வண்டிகளோடும் பிரிட்டனில் நடக்கும் 1940-கள் வார இறுதி விழாக்களுக்கு வரும் தமிழர்கள் இப்போது கண்ணில் படுகிறார்கள். யார்க்‌ஷயரில் ஹாவொர்த்தின் கல் பாவிய ஏற்றத்திலோ பிக்கரிங் ரயில் நிலையத்துக்கு வெளியிலோ ஒரு பழைய வண்டிக்குப் பக்கத்திலிருந்து தமிழ் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். ஹேண்டில்பாரில் இருக்கும் கான்வாஸ் பிடியைக் கழற்றிவிட்டு ரப்பர் கிரிப் மாட்டாதீர்கள். வெறும் இரும்பாக இருக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கு ரப்பர் உறை போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வண்டியைப் பளிச்சென்று காட்டும் ஆசையில் முதலில் கழன்று போவது இந்த இரண்டும்தான். அவற்றில்தான் நம்மவர்களின் கதை இருக்கிறது.

நான் ஓட்டும் பி.எஸ்.ஏ. எம்20-ஐயே எடுத்துக்கொள்வோம். 496 சிசி, சைடு வால்வு, ஒற்றை சிலிண்டர், 13 குதிரைத்திறன். முன்னால் கர்டர் ஃபோர்க். பின்னால் சஸ்பென்ஷனே கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் கதி. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. இப்படிச் சுமார் 1,26,000 வண்டிகளை ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. 1940 நவம்பரில் அதன் ஸ்மால் ஹீத் ஆலையில் குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

போரின் ஆரம்பத்தில் வந்த எம்20-களில் ரப்பர் கிரிப் இருந்தது. டேங்கின் இரு பக்கமும் முழங்கால் பதிய ரப்பர் அட்டை இருந்தது. 1942-க்குப் பிறகு வந்தவற்றில் இவை இல்லை. கைப்பிடிக்குக் கான்வாஸ், காலுக்கு வெறும் இரும்பு. அந்தக் கான்வாஸ் மழையில் ஊறினால் லேசில் காயாது. ஈரமான பூட்ஸ் இரும்பில் வழுக்கும். எஞ்சினின் அதிர்வு அப்படியே முழங்கால் வரை ஏறும். யாரும் விரும்பி இப்படிச் செய்யவில்லை. ரப்பருக்குத் தட்டுப்பாடு.

ஏன் தட்டுப்பாடு? 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி ஒரே மூச்சில் நேச நாடுகளின் கையை விட்டுப் போனது. டயருக்கே ரப்பர் போதவில்லை எனும்போது கிரிப்புக்கு யார் கொடுப்பார்கள்?

அந்த மலாயா ரப்பரை வெட்டிக் கொடுத்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும். விடியும் முன்னே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மரத்துக்கு மரம் போய்ப் பால் வெட்டி, வாளியில் சுமந்து வந்தவர்கள். ஜப்பானியர் வந்ததும் தோட்டங்களில் வேலை நின்றது, சம்பளம் நின்றது, அரிசி நின்றது. பிறகு அவர்களில் பல்லாயிரம் பேரை, சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் இறந்த தமிழர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. அங்கே இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் தொழிலாளர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

மலாயா போன பின் நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இலங்கையிலிருந்து வந்தது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பட்டையை ஒட்டச் சுரண்டி வெட்டச் சொன்னார்கள். அதையும் வெட்டியவர்கள் இந்தியாவிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்களும் சிங்களத் தொழிலாளர்களும்தான்.

விழாவில் உங்கள் வண்டியைச் சுற்றி நிற்கும் ஆங்கிலேயப் பெரியவர் நிச்சயம் கேட்பார்: "ஏன் கைப்பிடியில் துணி சுற்றியிருக்கிறது?" "ரப்பர் தட்டுப்பாடு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். ரப்பர் எங்கிருந்து வந்தது, யார் வெட்டினார்கள், அது நின்றபோது அவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கான்வாஸைத் தொட்டுப் பார்க்கிறார்கள், மேலே கேட்கிறார்கள். அவர்களுடைய போரில் நாம் எங்கே இருந்தோம் என்று விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஈழத்து நண்பர்களில் சிலர் என்னிடம் வேறு ஒன்றைக் கேட்டார்கள். போர் பார்த்து ஓடி வந்த நாம், போரை நினைத்து ஆடிப்பாடும் இடத்துக்குப் போகலாமா? நியாயமான கேள்வி. கொடித் தோரணமும் நடன இசையும் எனக்கும் சில நேரம் நெருடுகின்றன. ஆனால் 1942 ஏப்ரல் 9-ல் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் குண்டு விழுந்ததும், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் இதே போர்தான். நாம் ஒதுங்கி நின்றால் அந்தப் பக்கத்தைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. வர மனமில்லாதவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். வருபவர்கள் விஷயத்தோடு வாருங்கள்.

உடுப்பு பற்றிச் சுருக்கமாக: நாம் வாங்காத பதக்கத்தை மார்பில் குத்த வேண்டாம். இந்த வண்டிகளில் ராணுவக் கடிதம் சுமந்து போன டெஸ்பாட்ச் ரைடருக்கு அது தேவையும் இல்லை. வயர்லெஸ்ஸை எதிரி ஒட்டுக் கேட்பான், தொலைபேசிக் கம்பி அறுந்துபோகும் என்பதால் காகிதத்தைப் பையில் போட்டு ராத்திரியில் அனுப்பினார்கள். ஹெட்லைட்டுக்கு மூடி, கீற்றாகத்தான் வெளிச்சம். இருட்டில் மோதித் தலையில் அடிபட்டு அவர்கள் செத்துக்கொண்டே இருந்ததைக் கணக்கெடுத்தவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர். 1941 நவம்பரில் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இன்று நாம் போடும் ஹெல்மெட்டுக்கு முன்கதை அங்கே இருக்கிறது.

டேங்கில் என்ன சின்னம் வரைவது என்று கேட்கிறீர்கள். அமெரிக்க நட்சத்திரத்தையே எல்லோரும் வரைகிறார்கள். நம் படைகளின் சின்னத்தை வரையுங்களேன். இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். 4-ஆவது இந்திய டிவிஷனின் சின்னம் சிவப்புக் கழுகு. எரித்ரியாவின் கெரெனிலும் இத்தாலியின் கசீனோவிலும் போரிட்ட டிவிஷன். அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையின் கம்பெனிகள் இருந்தன. காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் அதில் ஒருவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் அதன்மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருதைக் கொடுத்தார்கள். அந்தக் கழுகுக்குக் கீழே அவர் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் வண்டியின் சட்டக எண்ணையும் பழைய பதிவையும் முதலில் பாருங்கள். அது வேறு படையில் ஓடிய வண்டி என்று தெரிந்தால் அதன் சொந்தச் சின்னத்தையே விட்டுவிட்டு, கழுகைத் தனி அட்டையில் வரையுங்கள். பொய்யான அடையாளம் வேண்டாம்.

இன்னொன்று. வேனில் ஏற்றி வராதீர்கள், ஓட்டி வாருங்கள். விட்பியிலிருந்து பிக்கரிங்குக்கு மூர்லாண்ட் என்ற திறந்த மேட்டுநிலத்தைக் கடந்து வரும் சாலையில், சால்டர்ஸ்கேட் தாண்டி ஹோல் ஆஃப் ஹார்க்கம் பள்ளத்தின் விளிம்புக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவில், எம்20 கியரைக் குறைத்துத் தடதடவென்று ஏறும்போதுதான் இந்த எஞ்சினை எதற்காக இப்படிச் செய்தார்கள் என்று புரியும். வேகம் கிடையாது, இழுவை உண்டு. பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். இறக்கத்தில் கியரிலேயே இறங்குங்கள். 40 வயது தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்பதற்காகப் பார்க்காமல் விடவும் கூடாது. பெட்ரோலில் எத்தனால் குறைவாக உள்ள ஈ5 வகையைப் போடுங்கள்.

விழா மைதானத்தில் ஒருமுறையாவது எல்லோர் முன்னாலும் ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோல் குழாயைத் திற, கார்புரேட்டரைத் தட்டிப் பெட்ரோல் கசியவிடு, இடது கை லிவரில் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளு, புல்லட்டில் டிகம்ப்ரஷன் பிடிப்பதுபோல் வால்வ் லிஃப்டரைப் பிடித்துப் பிஸ்டனை மேல்முனை தாண்ட விடு, அப்புறம் ஒரே மிதி. இக்னிஷனைத் தள்ள மறந்தால் கிக்கர் ரிட்டர்ன் அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டதும் கூட்டம் தானாக வரும். அப்போது கான்வாஸைக் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது மலாயாத் தோட்டத்திலோ இலங்கைத் தோட்டத்திலோ பால் வெட்டியிருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஊர் மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதி வண்டிப் பக்கத்தில் வையுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பிடியைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். அதே மாதிரி கான்வாஸ் பிடியைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். விழாவில் என்னைப் பார்த்தால் கேளுங்கள், எங்கே வாங்குவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
யார்க்‌ஷயரிலிருந்து ஒரு எம்20 ஓட்டுபவன்