ஒரு மில்லிமீட்டர் குறைந்த தண்டு

கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. விரலெல்லாம் உலோகத் தகட்டை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு கரைசலின் கறை. சமையலறைத் தொட்டியில் இரண்டு சொட்டுச் சிந்திய பாவத்துக்கு என்னை மொட்டைமாடிக்கு நாடு கடத்திவிட்டார்கள்.

விழுப்புரத்தில் சரக்கு வண்டிக்கு முன்னால் நின்று புகை கக்கிய ஒய்ஜி என்ற மீட்டர் பாதை நீராவி எஞ்சின் நினைவிருக்கிறதா? அதைத்தான் 87-இல் ஒரு பங்கு அளவில் ஓடும் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். 1219 மி.மீ. சக்கரம் இந்த அளவில் கச்சிதமாக 14 மி.மீ. ஆகிறது. தண்டவாளம்தான் ஒத்துழைக்கவில்லை. மீட்டர் பாதை 11.5 மி.மீ. வர வேண்டும், வாங்கக் கிடைப்பது 12. அந்த அரை மில்லிமீட்டர் பொய்யை நான் பொறுத்துக்கொண்டேன். நீ பொறுக்க மாட்டாய், தெரியும்.

மேற்கூடு எளிது. ஜெர்மன் சில்வர் என்ற செம்பு நிக்கல் கலவைத் தகட்டில் பாதி ஆழத்துக்கு அரித்த கோடுகள் இருக்கும். கோடு உள்பக்கம் வரும்படி மடித்தால் செங்கோணம் தானாக வந்துவிடும். பின்பக்கத்துப் புள்ளிகளை ஊசிமுனையால் தட்டினால் முன்பக்கம் ரிவெட் தலைகள் எழும்பும். பார்ப்பவர்கள் வியப்பதெல்லாம் இதைப் பார்த்துத்தான். ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வது அடிச்சட்டம். அதில்தான் நான் மூக்குடைபட்டேன்.

வீட்டுத் தட்டில் சிறு துண்டுகளைத்தான் அரிக்க முடிகிறது. அதனால் ஓசூரில் பெயர்ப்பலகை அரித்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் வரைபடங்களைக் கொடுத்தேன். சட்டங்களுக்கு 0.45 மி.மீ. தகடு, சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்புத் தண்டுகளை மெல்லிய தகட்டில் வெட்டி இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளலாம் என்று திட்டம். ஆக, இரண்டு தகடு, அவற்றில் வரைபடத்தைப் பதிக்க இரண்டு பிலிம். தண்டுகளின் பிலிமை அச்சிட்ட பையன் தாளுக்குள் அடங்கட்டும் என்று நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கிவிட்டிருக்கிறான். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் முதல் அச்சுக்கும் நான்காம் அச்சுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. சக்கரங்களை மாட்டிக் கையால் தள்ளினேன். கால் சுற்று சுற்றிவிட்டு மாடு மாதிரி நின்றுவிட்டது. இடது வலது சக்கரங்களில் தண்டு மாட்டும் முளைகளுக்கு இடையில் இருக்க வேண்டிய 90 பாகை பிசகிவிட்டதோ என்று இரண்டு இரவுகள் கழற்றி மாட்டினேன். அளவுகோலை எடுத்துத் தண்டின் மேல் வைத்துப் பார்க்கத் தோன்றவேயில்லை! பட்டறையைத் திட்டவும் மனம் வரவில்லை. பிலிமை அளக்காமல் வாங்கி வந்தவன் நான்தானே.

இப்போது தண்டும் சட்டமும் ஒரே தகட்டில். சுருங்கினாலும் சேர்ந்தே சுருங்கட்டும். முன்பு அச்சுத் தாங்கிகளை வரைபடத்தின்படி முதலிலேயே பற்றவைத்தேன். இனி தண்டையே அளவுகோலாக வைத்து, அதன் துளைகளுக்கு நேராக நிறுத்திய பிறகுதான் ஈயம் வைக்கப்போகிறேன். தண்டு சொல்வதைச் சட்டம் கேட்க வேண்டும், தலைகீழாக இல்லை. தாங்கிகள் மேலும் கீழும் அசைவதால் தண்டை மூன்று துண்டாக்கி மூட்டு வைத்திருக்கிறேன். அமிலம் பக்கவாட்டிலும் தின்னும் என்பதால் துளைகளைச் சிறிதாகவே வரைந்து, பிறகு சீவிப் பெரிதாக்கிக்கொள்கிறேன். நேற்று இரவு எட்டுச் சக்கரமும் ஒன்றாக உருண்டன, மோட்டார் இல்லாமல், ஒரு விரல் தள்ளலில். அந்நேரத்தில் எழுப்பிக் காட்ட வீட்டில் ஆளில்லை என்பதுதான் குறை.

அடுத்து எது என்று கேட்டிருந்தாய். எங்கள் ஊர்ப் பழைய ரயில்தான். இந்த ஊருக்கு 1905-இல் திருப்பத்தூரிலிருந்து வந்த இரண்டரை அடிப் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போய்விட்டது. இன்றுவரை கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. 762 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் 8.76, கடையில் 9 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. இங்கே பொய் கால் மில்லிமீட்டர்தான்.

பார்சலில் ஒரு தகடு அனுப்புகிறேன், செய்முறைக் குறிப்போடு. குறிப்பைப் படிக்காமல் செய்ய ஆரம்பி. எங்கே தடுமாறுகிறாய் என்று எழுது. குறிப்பில் எதை விட்டேன் என்று அதிலிருந்துதான் எனக்குப் புரியும். மடிப்பதற்கு முன் ஓரத்து முளைகளை அரம் போட்டுத் தேய்த்துவிடு, தகடு கையைக் கிழிக்கும். மாம்பழப் பருவத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அதுவரை தண்டுகளை அளந்து வை.

உன் பழைய அறைத்தோழன்