பீஞ்சமந்தை மலைக்குச் சமுதாய வானொலி கேட்டு மனு

அனுப்புநர்
வானொலி நேயர்கள்,
பீஞ்சமந்தை ஊராட்சி,
அணைக்கட்டு வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: சிற்றலை ஒலிபரப்புகள் நின்றுபோனதால், ஜவ்வாது மலை ஊர்களுக்குச் சமுதாய வானொலி (அந்தந்த வட்டாரத்து மக்களுக்காக அங்கேயே நடத்தும் சிறு வானொலி) அமைத்துத் தரக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

எங்கள் மலைக்கு ரோடு வருவதற்கு வெகுகாலம் முன்பே ரேடியோ வந்துவிட்டது. அப்பா கூரைக்கும் புளியமரத்துக்கும் நடுவே செம்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டியிருந்தார். பேட்டரிக் கட்டை சோர்ந்துவிட்டால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். இரவு ஒன்பதே காலுக்கு முள்ளை மெல்லத் திருப்பினால், இரைச்சலுக்குள்ளிருந்து லண்டன் பிபிசி தமிழோசை மேலே வரும். வாசலில் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்போம். 1941-இல் தொடங்கிய அந்தத் தமிழ்ச் சேவையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முடிந்துபோனது.

சிற்றலை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி இறங்குவது. அதனால் மலை மறைத்தாலும் எங்களை வந்து சேர்ந்தது. டவர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம்.

இப்போது எல்லாமே போனில் கிடைக்கிறது என்கிறார்கள். சரி, சிக்னல் இருந்தால் கிடைக்கும். இங்கே பாறைமேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு காட்டும். மழை பிடித்துக் கரண்ட் போனால் அதுவும் இல்லை. பண்பலை நேர்கோட்டில் போவதால் மலை மடிப்புக்குள் நுழைவதில்லை. ஆகாசவாணி மத்திய அலையில் கொண்டுவந்த டிஆர்எம் டிஜிட்டல் முறைக்குத் தனி ரேடியோ வேண்டும்; ஒடுகத்தூர் சந்தையில் அப்படி ஒரு பெட்டியை நாங்கள் கண்டதே இல்லை. 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியபோது, கீழே இறங்கலாமா கூடாதா என்று சொல்ல ஒரு குரல் இல்லாமல் தவித்தோம்.

பழைய சிற்றலையைத் திரும்பத் தரும்படி நாங்கள் கேட்கவில்லை. மத்திய அரசின் சமுதாய வானொலிக் கொள்கைப்படி வேளாண் அறிவியல் நிலையங்களும் உரிமம் கேட்கலாம். விரிஞ்சிபுரத்தில் அப்படி ஒரு நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அவர்கள் வழியாக விண்ணப்பித்து, அதுவும் பண்பலைதான் என்பதால் ஆண்டெனாவை மட்டும் கீழே வைக்காமல் எங்கள் மலைமேல் நிறுத்த ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இடம் பார்க்க வேண்டும். கரண்ட் நிற்கும் நாளிலும் ஓட சோலார் வேண்டும். அப்புறம், ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஒரு சின்ன ரேடியோ. மழை எச்சரிக்கையும் சாமை விலையும் அங்கே நிற்கிறவர்கள் காதில் விழட்டும்.

கம்பம் நட ஆள்பலம் எங்களுடையது. இடம் பார்க்க அதிகாரிகளை ஒருமுறை மலைக்கு அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பீஞ்சமந்தை ஊராட்சி வானொலி நேயர்கள்