கழுவினால் போகிற கறுப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் 28 ஆண்டு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் துவைக்கப் போட்ட பேரனின் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு மின்சிகரெட் விழுந்தது. திரவம் அடைத்த சின்னக் கூட்டை 'பாட்' என்கிறார்கள். அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே பால் விடாத கோப்பி ஓ நிறம். வாய் வைக்கும் ஓரத்தில் பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டியிருந்தது.

பையனுக்கு 17 வயது. இல்லை என்று சாதிப்பான் என நினைத்தேன். அவனோ, "வாங்கினப்ப தேன் கலர்லதான் இருந்துச்சு தாத்தா, கழுவாம விட்டுட்டேன், அதான்" என்றான். கோபத்தைவிட எனக்குத் திகைப்புதான் வந்தது. இங்கே சிங்கப்பூரில் பிடிபட்டால் 500 வெள்ளி அபராதம் என்பது அவனுக்குத் தெரியும். உள்ளே இழுப்பது என்னவென்று தெரியாது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது.

சுத்தமான நிக்கோட்டினுக்கு நிறமே கிடையாது. காற்றும் வெளிச்சமும் படப்பட மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். வெனிலா மணத்துக்குச் சேர்க்கும் வெனிலினும் திரவத்தைக் கறுக்க வைக்கும். இவை புட்டியில் சும்மா இருக்கும்போதே நடப்பவை. சாதனத்துக்குள் ஒரு கம்பிச்சுருளும் அதையொட்டிப் பஞ்சும் இருக்கும். பஞ்சு உறிஞ்சும் திரவத்தைச் சுருளின் சூடு ஆவியாக்கும். இனிப்புக்காகப் போட்ட சுக்ரலோஸ் ஆவியாகாமல் சுருளிலேயே தங்கிக் கருகும். தீபாவளிக்குப் பாகு முறுகி அடிப்பிடித்த சட்டியை அவன் பாட்டி தேய்த்த தேய்ப்பை நினைவுபடுத்தினேன், புரிந்துகொண்டான்.

வடைச் சட்டியில் எண்ணெய் புகைந்தால் கண்ணைக் கரிக்குமே, அந்த நெடி அக்ரோலின். எண்ணெயிலுள்ள கிளிசரின் சூட்டில் சிதைவதால் வருவது. மின்சிகரெட் திரவத்திலும் கிளிசரின் நிறைய உண்டு. பஞ்சு காய்ந்து சுருள் கொதித்தால் அதே அக்ரோலினும், கூடவே ஃபார்மால்டிஹைடும் வரும். தவளை ஜாடிகளில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றிய ஃபார்மலின், இந்த ஃபார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்ததுதான்!

"அப்ப கழுவினா?" என்று விடாமல் கேட்டான். பிரிட்டன் போன்ற, சட்டப்படி விற்கும் நாடுகளில் சுவை மாற்றும்போது தொட்டியைக் கழுவிக் காயவைப்பார்கள், கருகல் வாடை வந்தால் சுருளை மாற்றுவார்கள். கரி போகும், நிக்கோட்டின் போகாது. இவனுடையதோ திறக்கவே முடியாத பாட். கறுத்ததெல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. தெளிவாக இருப்பதை நம்பவும் முடியாது. மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கும் எட்டோமிடேட் கலந்த 'கேபாட்'டை நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க என் 28 ஆண்டு அனுபவமும் உதவாது.

மறுநாள் காலை இருவரும் நடந்தே போய், சமூக மன்றத்தில் இதற்கென வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். தானாகக் கொண்டுபோய்ப் போடுபவர்களுக்கு அபராதம் இல்லை.

இங்கே 2018 பிப்ரவரியிலிருந்து இதை வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை இன்னும் கடுமை. வேண்டியதுதான். ஆனால் அபராதத் தொகையைச் சொல்கிற அதே மூச்சில், கருகிய சுருள் ஒன்றையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டலாமே. தங்கள் நாளிதழும் இந்தச் சாதனங்களின் படங்களைப் பெரிதாகப் போட்டுத் தமிழில் விளக்க வேண்டும். என் மனைவி அதைப் பென்டிரைவ் என்று நினைத்து, துவைக்கும்முன் பையிலிருந்து எடுத்து அவன் மேசையில் பத்திரமாக வைத்திருக்கிறாள். இரண்டு முறை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
உட்லண்ட்ஸ்