பெரணிச் சுருளும் மருமக்களும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய ஓவியத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ராவில் வாழும் மினங்கபாவ் மக்களுடைய சொங்கெட் என்னும் ஜரிகைப்பூ நெசவையும் தாய்வழி மரபையும் ஒரே படத்தொடரில் கொண்டுவருவது நல்ல யோசனை. வண்ணமும் எழுத்துருவும் உன் பாடு. தறிப் பக்கத்துக் குறைகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் தாளில் பெரணிச் செடியின் குருத்துச் சுருளை வழுக்கிக்கொண்டு போகும் வளைகோடாகப் போட்டிருக்கிறாய். ரூமா கடாங் எனப்படும் அவர்களுடைய பெரிய குல வீட்டின் மரச்சுவர்ச் செதுக்கில் அது அப்படித்தான் இருக்கும். துணியில் வளைவு ஏது? படிக்கட்டுதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைச் சிறு கூட்டமாகத் தூக்கி, குறுக்கே ஊடை இழையை ஓட்டித்தான் பூ வடிவம் எடுக்கிறார்கள். எந்தக் கூட்டம் மேலே, எது கீழே என்பதை ஈர்க்கு போன்ற மெல்லிய குச்சிகளில் கோத்துத் தறியின் பின்பக்கம் வைத்துவிடுவார்கள். நம் நெசவாளர்கள் அடை என்ற நூல்கட்டில் பூவைச் சேமித்து வைக்கிற அதே புத்தி. ஒரு குச்சி என்பது பூவின் ஒரு வரிசை.

ஆகவே வெறும் சதுரக் கட்டத் தாளில் வரையாதே. முதலில் எண்ணு. உதாரணத்துக்கு, அங்குலத்துக்கு 60 பாவு இழை, மூன்று மூன்றாகத் தூக்கினால் குறுக்கே 20 கட்டம். ஜரிகை ஊடை அங்குலத்துக்கு 30, ஒரு குச்சிக்கு இரண்டு ஊடை என்றால் உயரத்தில் 15 கட்டம்தான். இதை மறந்து சதுரத் தாளில் 20க்கு 20 கட்டத்தில் பூ போட்டால், தறியில் அது ஒரு அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டிய உயரமுமாக நீண்டு நிற்கும். கட்டத்தையே அகலம் 3, உயரம் 4 என்று வகுத்துக்கொண்டால் கண் ஏமாறாது. எண்ணும்போது ஜரிகை ஊடையை மட்டும் எண்ணு. நடுவில் ஓடி வெறும் துணியை நெய்யும் தரை ஊடையையும் சேர்த்து எண்ணித்தான் பலர் கணக்கைக் கெடுக்கிறார்கள்.

அடுத்தது மிதவை, அதாவது பாவில் கட்டுப்படாமல் ஜரிகை ஓடும் நீளம். மேலே சொன்ன கணக்கில் ஐந்து கட்டத்துக்கு மேல், அதாவது கால் அங்குலத்துக்கு மேல், ஜரிகை கட்டுப்படாமல் ஓடவிடாதே. மோதிரத்தில் மாட்டி இழுக்கும். நீ மூன்றாம் தாளில் போட்ட பெரிய வெறுமை முன்பக்கம் அழகுதான். ஆனால் கரைக்குக் கரை ஓடும் ஜரிகை முன்னால் தெரியாத இடத்தில் பின்னால்தான் கிடக்கும். பின்பக்கத்தையும் ஒரு தாளில் வரைந்து பார், சிக்கல் தானாகத் தெரியும்.

நடுக்கோட்டில் இருபக்கமும் ஒத்துப்போகும் பூவுக்குப் பாதிக் குச்சி போதும். 41 குச்சியை முன்னே ஓட்டி, 40லிருந்து திரும்ப வந்தால் 81 வரிசை. 41ஐ இரண்டு முறை எடுத்தால் நடுவில் தடித்த கோடு விழும். உன் ஐந்தாம் தாளில் அந்தத் தடிப்பு இருக்கிறது. கணினியில் பாதியை நகலெடுத்துத் திருப்பி ஒட்டும்போது நடுவரிசை இரண்டாகியிருக்கும்.

முக்கோண வரிசையை நம் புடவைக் கரையில் வரும் தாழம்பூ ரேக்கு என்று நினைத்துக் கூராக்கிவிடாதே. அது புச்சுவாக் ரபுவாங், மூங்கில் குருத்து. பெண்ணின் தலையில் இருப்பது கிரீடமும் இல்லை. எருமைக் கொம்பு வடிவில் மடித்த துணி. மடிப்பு தெரிய வேண்டும்.

இனி, 'பெண்கள் ஆளும் நாடு' என்று நீ வைத்த தலைப்பு. அதை எடுத்துவிடு. குலம் தாய்வழி, பூர்வீக வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்கு. ஆனால் குலத்தலைவன் பட்டம் ஆணுக்குத்தான், அதுவும் மாமாக் எனப்படும் தாய்மாமனிடமிருந்து கமனாகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும். தானே சம்பாதித்த சொத்துக்கு இஸ்லாமிய வாரிசு முறை. நம் பக்கம் மருமக்கள்வழி என்ற சொல் இருக்க, 'ஆளும்' என்ற சொல் எதற்கு?

இதற்குச் சரியான படம் உன் கையிலேயே இருக்கிறது. அந்தப் பெரணிச் சுருள், கலுவாக் பாக்கு, அவர்கள் பழமொழியில் வருவது: பெற்ற பிள்ளை மடியில், மருமகன் கைப்பிடியில் என்பது அதன் சாரம். ஒரே ஆள் தன் வீட்டில் அப்பன், சகோதரி வீட்டில் மாமன். தொடரின் நடு இடத்தை அதற்குக் கொடு.

துணியைப் படம் பிடிக்கும்போது ஸ்கேனரில் வைக்காதே, படத்தில் ஜரிகை கறுப்பாகத் தெரியும். பக்கவாட்டில் தாழ்வாக ஒரே விளக்கு வைத்துக் கேமராவில் எடு. பழைய துணியை மடிக்காமல், காகிதம் சுற்றிய குழாயில் சுருட்டு. மடிப்பில் ஜரிகை முறியும். அச்சில் நாலு வண்ணத்தைக் கலந்து பொன் வரவழைக்கப் பார்த்தால் சேறுதான் மிஞ்சும். தனி உலோக மையோ, இல்லையென்றால் தட்டையான மஞ்சட்காவியோ போடு. எனக்குக் காவிதான் பிடிக்கிறது.

பாண்டாய் சிக்கெக் ஊர் நெசவாளி தறியில் உட்கார்ந்திருக்கும் நிலைக்கு, 2001இல் வெளியான இந்தோனேசிய 5,000 ரூப்பியா நோட்டின் பின்பக்கத்தைப் பார். சிக்கெக் என்றாலே சீப்பு, தறியில் ஊடையை அடித்து நெருக்கும் பண்ணையும் சீப்புதானே. நீ வரைந்த தறியில் பண்ணையே இல்லை. ஊடையை எதை வைத்து அடிப்பாள்?

மூன்றையும் ஐந்தையும் திருத்தி, பின்பக்கத்தோடு அனுப்பு.

அன்புடன்,
அம்மா