இன்னும் மூணு முழம்

மாப்ளே,

எட்டு மாசமா ஒரு வரி எழுதலை. அக்கா மக காதுகுத்துக்கும் வரலை. திட்டுறதை நேர்ல வச்சுக்க. இப்ப சேதியைச் சொல்லிடறேன்: அப்பா தையோட தறியைப் பிரிக்கிறார். முட்டி மடங்கலை, குழியில காலை இறக்கவே சிரமம். கடைசிப் புடவை தறியில இருக்கு.

அதைப் படம் பிடிக்கத்தான் பரண்ல கிடந்த நம்ம பழைய வீடியோ கேமரா டிவிஎக்ஸ்100-ஐ இறக்கினேன். முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தா, நாம எடுத்த கல்யாண வீடியோ மாதிரியே இருக்கு. அப்பா முகத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு, நரைமுடி ஒவ்வொண்ணும் கம்பியா நிக்குது. மனசே விட்டுப் போச்சு. ராத்திரி உட்கார்ந்து மெனு முழுக்கத் துழாவினேன். எல்லாம் மெனுவுல 'டீடெயில்'னு இருக்கிற செட்டிங் பண்ற வேலை மாப்ளே! ஓரங்களைத் தேடிப் பிடிச்சு கேமராவே கோடு இழுக்குது. அதை மைனஸ்ல நல்லா இறக்கினேன். கோடு போச்சு, தோல் தோலாத் தெரிஞ்சுது. பத்து வருஷம் அதைத் தொடாமலே கல்யாணம் எடுத்திருக்கோமே!

அப்புறம் நொடிக்கு 50 அரைப் படமாப் பதியுற 50ஐ-யை விட்டு, 25 முழுப் படமாப் பதியுற 25பி-க்கு மாத்தினேன். வெளிச்சம்-நிழல் சாயலைத் தீர்மானிக்கிற காமாவை, சினிமா மாதிரி தெரியுற சினிலைக்ல வச்சேன். ஷட்டர் 1/250 நொடியில கிடந்துது. அதுல தறியில ஊடை நூலைக் கொண்டுபோற நாடா பாயுறது வெட்டி வெட்டித் தெரிஞ்சுது. 1/50 வச்சேன். இப்ப நாடா ஒரு வெள்ளைக் கீற்றா இழுத்துட்டுப் போகுது, நம்ம கண்ணுக்குத் தெரியுற மாதிரியே. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கிறதால டியூப்லைட்டும் அலையலை. வெள்ளை எதுன்னு கேமராவுக்குக் காட்டுற ஒயிட் பேலன்ஸை அப்பா வேட்டியிலயே எடுத்தேன், பச்சை அடிச்சது நின்னுடுச்சு. அரக்குக் கலர் கரை தாண்டி வழிஞ்சுது, கலர் அழுத்தத்தை மாத்துற குரோமாவைக் கொஞ்சம் குறைச்சதும் அடங்கிடுச்சு.

ஜரிகைதான் இன்னும் படுத்துது. வெளிச்சம் பட்ட இடத்துல, அளவு மீறுதுன்னு கேமரா திரையில எச்சரிக்கிற ஜீப்ரா கோடு ஓடுது. அங்க வெளுத்தா வெளுத்ததுதான், பின்னாடி எடிட்டிங்ல எதையும் மீட்க முடியாது. அதனால லென்ஸ்ல வெளிச்சம் நுழையுற ஐரிஸை அரை ஸ்டாப் மூடியே எடுக்கிறேன். முகம் கொஞ்சம் இருட்டுது. கேமராவுல கெயின் ஏத்தி வெளிச்சத்தைக் கூட்டினா படம் புள்ளி புள்ளியா நொறுங்கும், அது வேண்டாம். ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைத் திருப்பிப் பார்க்கணும்.

நேத்து அம்மாகிட்ட காட்டினேன். ஒண்ணுமே பேசலை, மறுபடி போடச் சொன்னா. ரெண்டாவது தடவை முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டா.

சத்தம்தான் கேமரா மைக்ல தகர டப்பா மாதிரி கேக்குது. அப்பா மிதிக்கிற அந்தத் தடக்கு எனக்கு அப்படியே வேணும். நல்ல மைக் உன்கிட்டதான் இருக்கு. எடுத்துக்கிட்டு இந்த ஞாயித்துக்கிழமையே வந்துடு. இன்னும் மூணு முழம்தான் பாக்கி.