"சுகர் எவ்வளவு?" என்று கேட்பதை நிறுத்திய வருடம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் எட்டுப் பக்கம் எழுதி வந்தேன், மூன்றாம் பக்கத்தில் வடை வந்துவிட்டது, அப்புறம் யாரும் கேட்கவில்லை. அதனால் இந்த முறை சுருக்கம்தான்.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிற, சர்க்கரை நோய் உள்ளவர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் இது. மாதக் கூட்டம் பத்து நடந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு ஒன்று, அக்டோபர் மழைக்கு ஒன்று போனது.

ஜூன் மாதம் எடுத்த முடிவுதான் இந்த வருடத்தில் பெரிது. கூட்டத்துக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி "சுகர் எவ்வளவு?" என்று கேட்டு நோட்டில் எழுதும் வழக்கத்தை விட்டோம். அதை ஆரம்பித்து வைத்ததே நான்தான். 200-க்கு மேல் சொன்னவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை என்பது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. ஒரு அண்ணன் இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து வெறும் வயிற்றில் 112 என்று காட்டினார், ஆனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை 9.4 சதவீதம் என்று, ரொம்ப அதிகம்தான், காட்டிக் கொடுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. "வீட்ல மகன் திட்டுறான், ஆஸ்பத்திரில டாக்டர் திட்டுறாரு, இங்கயும் வந்து மார்க் வாங்கணுமா தம்பி?" என்றார். நோட்டு இப்போது பீரோவில் இருக்கிறது.

கேட்பதை நிறுத்தியதும் பேச ஆரம்பித்தார்கள். ஒரு அக்கா கல்யாண மண்டபத்துக் கழிவறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் கைப்பையை வைத்து, இன்சுலின் பேனாவின் மூடியை வாயில் கவ்விக்கொண்டு ஊசி போடுவாராம். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், "குடும்பத்துலயே சுகர்" என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வந்துவிடக் கூடாது. இன்னும் மறைத்துத்தான் போடுகிறார். நாங்களும் அறிவுரை சொல்லவில்லை, சொல்ல எங்களிடம் என்ன இருக்கிறது?

ஆகஸ்டில் நம் உறுப்பினர் ஒருவர் நடக்கும்போதே சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சு குழறியதால் காலையிலேயே குடித்திருக்கிறார் என்று நாலு பேர் விலகிப் போயிருக்கிறார்கள். பூக்கார அம்மாதான் டீக்கடையிலிருந்து சர்க்கரை வாங்கி வந்து தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. பயம் பாதி, மானம் பாதி.

நவம்பர் 14, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்த நாள், உலக நீரிழிவு தினம். அன்றைக்குப் பேச வந்த மருத்துவர், சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது என்றார். தினமும் ஊசி, மாத்திரை, கணக்கு என்று வருடக்கணக்கில் பார்த்து வரும் சலிப்பு வேறு, மனச்சோர்வு வேறு, இரண்டையும் சோம்பேறித்தனம் என்று திட்டக் கூடாது என்றும் சொன்னார். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம், தயவுசெய்து யாரும் அழிக்காதீர்கள்.

அன்றைக்கு டைப் 1 வகைச் சர்க்கரை நோய் உள்ள ஒன்பது வயதுப் பையனின் அம்மாவும் வந்திருந்தார். இனிப்பைக் கொடுத்துக் கெடுத்தது நீதான் என்று மாமியார் வீட்டில் தினமும் பேச்சாம். டைப் 1-க்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது என்று மருத்துவர் சொன்னதும், அந்தம்மா அதை போனில் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டார். மாமியாருக்குப் போட்டுக் காட்டத்தான்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி இருப்பவர்களுக்கு அது தெரியும்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல முதல் ஞாயிறு. செல்லூர் அக்கா அதிரசம் சுட்டுக் கொண்டுவருகிறாராம். வேண்டாதவர்கள் சும்மா இருங்கள், எடுப்பவர் தட்டை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.